எந்தச் சுந்தரபாண்டியன், அண்ணாச்சி?

ஆடி மாசம் தென்காசிப் பக்கம் வருகிறவர்கள் மூன்று வகை. குற்றாலத்தில் குளித்துவிட்டு பார்டர் பரோட்டா சாப்பிடப் போகிறவர்கள் முதல் வகை. பரோட்டாவுக்காகவே வந்து, வந்த பாவத்துக்கு அருவியில் தலையைக் காட்டுகிறவர்கள் இரண்டாவது. மூன்றாவது, சூரியகாந்தி கோஷ்டி. இவர்கள் சுமார் பத்து கிலோமீட்டர் தள்ளி இருக்கும் சுந்தரபாண்டியபுரத்துக்குப் படையெடுக்கிறார்கள். பாதிக் கார்களில் கேரள நம்பர்.

ஊர் சும்மா சொல்லக்கூடாது, ஷோக்காகத்தான் இருக்கிறது. பச்சை வயல், குளம், பின்னால் மலை. மணிரத்னம் 1992-ல் 'ரோஜா' கதாநாயகிக்கு இதைத்தான் சொந்த ஊராக்கினார். 2005-ல் 'அந்நியன்' பாட்டுக்காக வண்ணம் பூசின பாறைக்கு 'அந்நியன் பாறை' என்றே பேர் நிலைத்துவிட்டது. இருபது வருஷத்துச் சினிமாப் பாறைக்கு வழி கேட்டால் சின்னப் பையன்கூடக் கை நீட்டுவான். ஊர்ப் பலகையிலேயே உட்கார்ந்திருக்கும் ஆசாமியைப் பற்றிக் கேட்டால்?

டீக்கடையில் கேட்டேன். "அண்ணாச்சி, சுந்தரபாண்டியபுரம்ங்கிறாங்களே... எந்தச் சுந்தரபாண்டியன்?"

"மதுர மீனாட்சி வீட்டுக்காரரு" என்றார் அவர், வடையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே.

பெஞ்சிலிருந்த பெரியவருக்குப் பொறுக்கவில்லை. "சும்மா இருடே. அது சாமி, இது ராசா."

"எல்லாம் ஒண்ணுதாம்" என்று வடை பதில் சொன்னது.

இரண்டு பேர் சொன்னதும் சரி. மதுரைக்கு மாப்பிள்ளையாக வந்த சிவபெருமான் சுந்தர பாண்டியன் என்ற பேரில் ராஜ்யம் ஆண்டதாகத் திருவிளையாடல் கதை. அப்புறம் அசல் மனித ராஜாக்களும் அந்தப் பேரை விடவில்லை. 1216-ல் பட்டத்துக்கு வந்து சோழ நாட்டைப் பிடித்துத் திருப்பிக் கொடுத்தவர் ஒரு சுந்தர பாண்டியன். 1251-ல் வந்து ஸ்ரீரங்கத்துக்கும் சிதம்பரத்துக்கும் பொன் வேய்ந்தவர் இன்னொரு சுந்தர பாண்டியன். முதலாமவர் மாறவர்மன், அடுத்தவர் சடையவர்மன். பாண்டியர்கள் இந்த இரண்டு பட்டத்தை வைத்துக்கொண்டே பல நூறு வருஷம் காலம் தள்ளியிருக்கிறார்கள். வெள்ளைக்கார ராஜா என்றால் ஏழாம் ஹென்றி, எட்டாம் ஹென்றி என்று நம்பர் இருக்கும். நம்மவர்களுக்கு நம்பர் போட்டது பின்னால் வந்த சரித்திரக்காரர்கள்.

போட்ட விதம் இருக்கிறதே, அது தனிக் கூத்து! கல்வெட்டில் கி.பி., கி.மு. எல்லாம் கிடையாது. 'இன்ன ராஜாவின் இத்தனாவது வருஷம், இன்ன நட்சத்திரம், இன்ன திதி, இன்ன கிழமை' என்று இருக்கும். சில இடத்தில் 'இரண்டாவதுக்கு எதிர் பன்னிரண்டாவது' என்று இன்கிரிமென்ட் உத்தரவு மாதிரி வேறு எழுதியிருப்பார்கள். இந்த நட்சத்திரமும் கிழமையும் எந்த வருஷத்தில் ஒன்றாகச் சேர்ந்தன என்று பஞ்சாங்கத்தைப் பின்னோக்கிக் கணக்குப் போட்டுத் தேதியைப் பிடித்தார்கள். ஜெர்மானியர் கீல்ஹார்ன் இந்தக் கணக்கில் புலி. நம்ம பக்கத்தில் எல்.டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை. சென்னை மாகாண அரசாங்க உத்தியோகஸ்தர்! நாம் ஃபைலுக்கு நடுவே குறுக்கெழுத்துப் போடுகிறோம்; அவர் பாண்டியர் காலத்தைக் கணக்குப் போட்டிருக்கிறார்.

எனக்கு ஏன் இந்த அக்கறை என்றால், என் வீட்டிலும் இதே பாண்டியக் குழப்பம். எங்கள் பக்கம் பேரனுக்குத் தாத்தா பேர்தான். பேரன் என்றாலே பெயரன், பேரைச் சுமப்பவன். எனக்கு என் தாத்தா பேர். அப்பாவுக்கு அவர் தாத்தா பேர். சுந்தரபாண்டியபுரத்துக்குப் பக்கத்தில் பூட்டன் சம்பாதித்து வாங்கின நாற்பது சென்ட் இன்னும் அவர் பேரிலேயே கிடக்கிறது. அதை மாற்ற ஓர் அலுவலகத்துக்குப் போனேன்.

"பட்டா உங்கப்பா பேர்லதான சார் இருக்கு? பெறகென்ன?"

"அது அப்பா இல்லைங்க. அப்பாவோட தாத்தா."

"இனிஷியலும் ஒண்ணா இருக்கே?"

இருக்கத்தானே செய்யும்! பூட்டனின் அப்பா பேரும் என் பேர்தான். அந்த அதிகாரி என்னைப் பார்த்த பார்வையில் கீல்ஹார்ன் பட்ட கஷ்டமெல்லாம் தெரிந்தது. "வம்சாவளி எழுதிக் கொண்டாங்க. செத்தவங்க, இருக்கவங்க, எல்லாப் பேரும் வேணும்" என்றார்.

பிரபுக்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. இங்கிலாந்தில் 1826-ல் ஜான் பர்க் என்பவர் பிரபுக்களின் வம்சாவளியை எல்லாம் திரட்டிப் புஸ்தகமே போட்டுவிட்டார். நமக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று சொல்கிறேன். 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவை வீழ்த்திய படைக்குத் தலைவர் ஜார்ஜ் ஹாரிஸ். 1815-ல் அவருக்குப் பிரபுப் பட்டம் கொடுத்தார்கள். என்ன பட்டம்? 'ஸ்ரீரங்கப்பட்டணம், மைசூர் ஹாரிஸ் பிரபு'! அவர் பேரன் 1854-லிருந்து 1859 வரை சென்னைக் கவர்னர். 1856-ல் ராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடியது இவர் காலத்தில்தான். கொள்ளுப்பேரன் இங்கிலாந்து கிரிக்கெட் காப்டன், பிற்பாடு பம்பாய்க் கவர்னர். எல்லார் பேரிலும் ஒரு ஜார்ஜ் உண்டு. ஆனால் பட்டம் மூத்த ஆண் வாரிசுக்கு மட்டும் போவதால் குழப்பமே இல்லை. அவர்கள் ஜெயித்த ஊரின் பேரைத் தங்கள் பேரோடு ஒட்டிக்கொண்டார்கள். நம்ம ராஜாக்கள் தங்கள் பேரை ஊர்மேல் ஒட்டிவிட்டுப் போனார்கள். எது கெட்டிக்காரத்தனம் என்று என்னைக் கேட்டால், ஊர் பக்கம்தான் என் ஓட்டு.

பாண்டியர் வீட்டில் மூத்தவனுக்கே எல்லாம் என்ற வழக்கம் இல்லை. அண்ணன் தம்பிகள் ஒரே சமயத்தில் ஆளுக்கொரு பக்கம் ஆண்டார்கள். மார்க்கோ போலோவே ஐந்து சகோதர ராஜாக்கள் என்று எழுதி வைத்திருக்கிறார். ஒற்றுமையாக இருந்தவரை சரி. 1310-ல் வீர பாண்டியனும் (இதோ வந்துவிட்டார்) ஒரு சுந்தர பாண்டியனும் வாரிசுச் சண்டையில் இறங்க, மறு வருஷமே மாலிக் காபூர் மதுரைக்குள் வந்துவிட்டார். அப்புறம் சுல்தான்கள், விஜயநகரம். மதுரை கைவிட்டுப் போய், பாண்டியர்கள் தெற்கே நகர்ந்து கடைசியாகத் தங்கிய இடங்களில் ஒன்று தென்காசி.

அங்கே பராக்கிரம பாண்டியன் 1446-ல் காசி விசுவநாதர் கோயிலை ஆரம்பித்தார். கோயில் வேலை நடந்துகொண்டிருந்த 1455-ல்தான் இங்கிலாந்தில் லங்காஸ்டர் வீடும் யார்க் வீடும் அடித்துக்கொள்ள ஆரம்பித்தன. ஒரே ராஜா வழியில் வந்த பங்காளிகள், முப்பது வருஷச் சண்டை. இங்கே பராக்கிரமர் 1463-ல் வேலை முடியாமலே கண்ணை மூட, கோபுரத்தைக் கட்டி முடித்தவர் தம்பி குலசேகரர். அண்ணன் விட்ட வேலையைத் தம்பி முடித்தார் என்பது அந்தக் குடும்பத்தில் சின்ன விஷயமில்லை.

கோயில் கல்வெட்டில் பராக்கிரமர் பேரில் பாட்டு உண்டு. பின்னால் ஒரு காலத்தில் இந்தக் கோயிலுக்குக் குறை வந்தால் அதைச் சரிசெய்து காப்பாற்றுகிறவர் யாராயிருந்தாலும் அவரை இப்போதே வணங்குகிறேன் என்கிறார். 'என் மகன்' என்று சொல்லவில்லை. 'என் வம்சத்தார்' என்றும் சொல்லவில்லை. யாராயிருந்தாலும்!

அவர் பயந்தது நடந்தது. அந்த வழியில் நைடதமும் வெற்றிவேற்கையும் எழுதிய அதிவீரராம பாண்டியர் 1564-ல் பட்டத்துக்கு வந்தார். 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தோடு கல்வெட்டில் இவர்கள் பேச்சு நின்றுபோகிறது. கோபுரமும் பாழாகி வெகுகாலம் மொட்டையாக நின்றது. 1990-ல் பத்திரிகை அதிபர் சிவந்தி ஆதித்தன் முன்னின்று ஒன்பது நிலையாக எழுப்பி, குடமுழுக்கு நடந்தது. உயரம் 178 அடி.

என் வம்சாவளிக்கு வருகிறேன். பெரியப்பா ஏ-ஃபோர் தாளில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுக் கொடுத்திருந்தார். பூட்டன், அவருக்கு மூன்று பிள்ளைகள், அவர்களுக்குப் பிள்ளைகள் என்று ஆலமரம் மாதிரி. விடுபட்ட தேதிகளைக் கேட்டு எழுத, சுந்தரபாண்டியபுரத்திலேயே இருக்கும் ஆச்சியிடம் போனேன். தாத்தாவின் கடைசித் தங்கை. வயது 92. ஞாபகம் கம்ப்யூட்டர்.

"எங்க அய்யா போனது அறுவத்தொண்ணு, தை மாசம்" என்று ஆரம்பித்து ஒவ்வொருவராகத் தேதி சொன்னாள். எழுதிக்கொண்டே வந்தேன். அறுபத்தொன்று என்றால் 1956 வாரிசுச் சட்டம் வந்து ஐந்து வருஷம். அப்பன் சம்பாத்தியத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு.

ஆச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளை வாங்கினாள். விரலை வைத்து மேலிருந்து கீழே வந்தாள். திரும்ப மேலே போனாள்.

"ஏலே, எல்லாம் ஆம்பளப் பேரா இருக்கே. என் பேரு எங்கடே?"

பேனா என் கையில்தான் இருந்தது. பூட்டனுக்குக் கீழே மூன்று பிள்ளைகளை நெருக்கமாகப் போட்டிருந்தார் பெரியப்பா. தாளின் ஓரத்தில் நாலாவதாக ஒரு கோடு இழுத்தேன்.

"அஞ்சாவதும் போடு" என்றாள் ஆச்சி. "எங்க அக்கா ஒருத்தி இருந்தா."