கச்சான் காலத்துக் குளிர்த்தி

தேற்றாத்தீவு
வைகாசி, திங்கள் இரவு

கச்சான் காற்று வீசத் தொடங்கிவிட்டது. மட்டக்களப்புக்கு மழை மாரியில்தான்; இனிப் புரட்டாதி வரை, வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட இந்த மணல் நிலம் காய்ந்து கிடக்கும். வெற்றிலைத் தோட்டங்களுக்குக் கிணற்று நீர்தான் கதி. வெக்கையோடு அம்மாள் வருத்தம் எனும் அம்மை நோயும் வந்துவிடும் என்று முன்னோர் அஞ்சிய காலம் இது. அந்தக் காலத்தைத்தான் இப்பகுதி மக்கள் கண்ணகிக்குக் குளிர்த்தி பாடும் காலமாக வைத்திருக்கிறார்கள். செட்டிபாளையம், காரைதீவு, தம்பிலுவில் என்று கோயில் கோயிலாகச் சடங்கு நடக்கும். அதனால் வெயில் தணிந்துவிடுவதில்லை. ஆனால் வீட்டுக்கு வீடு தனியே பொறுத்துக்கொண்ட வெக்கையை ஊரே கூடி நின்று குளிரவைக்கப் பார்க்கிறது. அதே வெயிலில் நிற்பவர்களின் முகம் வேறாகிறது. பார்வை மாறினால் அன்றாட வாழ்விலும் மகிழ்ச்சி தெரியும் என்பதை நான் ஒத்துக்கொள்கிறேன். அதை ஒவ்வொருவரும் தன் மனதுக்குள் தனியே திருத்திக்கொள்ள வேண்டும் என்பதைத்தான் ஒத்துக்கொள்ள முடியவில்லை. பார்வை, ஊர் சேர்ந்து பழகிக்கொள்வது.

செவ்வாய் இரவு

பார்வையைப் பொறுத்தே மகிழ்ச்சி என்பதற்கு ஆய்வுகளும் உண்டு. 1978இல் பிரிக்மன் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய துணை ஆய்வாளர்களும் லொத்தரில் பெருந்தொகை வென்ற 22 பேரிடம் கேள்விகள் கேட்டார்கள். நண்பரோடு பேசுவது, காலைச் சாப்பாடு, ஒரு பகிடியைக் கேட்பது போன்ற சின்ன விடயங்களில், வெல்லாதவர்களுக்குக் கிடைத்த அளவு இன்பம்கூட அவர்களுக்குக் கிடைக்கவில்லை. சிறிய ஆய்வுதான், அதன்மேல் பெரிய கோட்டை கட்ட முடியாது. ஆனாலும் காலைச் சாப்பாடு மாறவில்லை, அதை எதனோடு ஒப்பிட்டார்கள் என்பதே மாறியது என்று அதை விளக்கலாம். உளவியலாளர் லியுபோமிர்ஸ்கியின் ஆய்வு இன்னும் நுட்பமானது. நன்றிக்குரியவற்றைக் கிழமைக்கு ஒருமுறை எழுதியவர்களின் மகிழ்ச்சி கூடியது. மூன்று முறை எழுதியவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. அடிக்கடி செய்தால் நன்றியும் வெறும் வேலையாகிவிடுகிறது போலும். கிழக்கின் பல கண்ணகி கோயில்கள் வருடத்தில் ஒருமுறை, வைகாசிச் சடங்குக்குத்தான் கதவு திறக்கின்றன. காத்திருப்பதால் கண் கூர்மையாகிறது என்பதை இங்குள்ளவர்கள் எந்த ஆய்வுக்கும் முன்பே நடைமுறையாக்கியிருந்தார்கள் என்றே எனக்குப் படுகிறது.

வியாழன் இரவு

பார்வை மாறினால் மகிழ்ச்சி தெரியும் என்பதற்கு வலுவான மறுப்பு பொருளியலாளர் அமர்த்திய சென்னிடமிருந்து வருகிறது. நெடுங்காலம் ஒடுக்கப்பட்டவர்கள் கிடைத்த சொற்பத்திலேயே மகிழப் பழகிவிடுவார்கள். ஆகவே அவர்களின் மகிழ்ச்சியை வைத்து அவர்கள் நன்றாக வாழ்கிறார்கள் என்று சொல்லக் கூடாது என்பது அவர் வாதம். இந்த மாவட்டத்தில் அதைத் தள்ளிவிட முடியாது. 1978 நவம்பர் 23இன் சூறாவளி, நீண்ட போர், 2004 டிசம்பர் 26இன் சுனாமி என்று அடிமேல் அடி வாங்கிய மக்களிடம் ‘பார்வையை மாற்றுங்கள்’ என்று உபதேசிப்பது கொடுமை. கூரை இழந்தவருக்கு முதலில் கூரைதான் வேண்டும். ஆனால் சென் சொல்வது மகிழ்ச்சி ஏக்கத்தை அடக்கிவிடும் இடங்களைப் பற்றி. கொம்புச்சந்திப் பிள்ளையாரின் இந்த ஊரில் கொம்புமுறி விளையாட்டை மறந்துவிட்டு இதைப் பேச முடியாது. மழை பொய்த்தால், நோய் பரவினால், கண்ணகியிடம் கேட்பதற்காகத்தான் அந்த விளையாட்டு நடந்தது. கோவலன் பக்கம் வடசேரி, கண்ணகி பக்கம் தென்சேரி என்று ஊர் இரண்டாகப் பிரியும். வளைந்த இரண்டு கொம்புகளைக் கொழுவி, கயிறு கட்டி, ஒன்று முறியும்வரை இழுப்பார்கள். வென்றவர்கள் தோற்றவர்களைப் பாட்டால் ஏசுவார்கள். அத்தனை கூச்சலும் சிரிப்பும் ‘எங்களுக்கு மழை இல்லை’ என்ற முறைப்பாட்டோடு சேர்ந்தே எழுந்தன. கிடைத்தது போதும் என்று அடங்கியவர்கள் அப்படிக் கயிறு இழுக்க மாட்டார்கள்.

சனி, பின்நேரம்

கண்ணகியில் நம்பிக்கை இல்லாதவருக்குக் கொம்புமுறியில் என்ன இருக்கிறது என்றும் கேட்கலாம். கயிறு பிடிக்க அவருக்கும் இடம் இருக்கும். மறுபக்கம் இழுக்க ஆள் வேண்டும் என்பதே போதிய காரணம். என்னை உறுத்துவது வேறு. கொம்புமுறி அருகிவிட்டது, அதன் பாடல்களை முழுதாகப் பாடக்கூடியவர்கள் முதியவர்கள். ஊராகச் சேர்ந்து பார்க்கும் பழக்கம் போனபின் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே மனப்பயிற்சி சொல்லிக்கொடுப்பதைவிட, அந்த முதியவர்கள் இருக்கும்போதே நம் பள்ளிக்கூடப் பிள்ளைகளை வடசேரி, தென்சேரி என்று பிரித்து அந்தப் பாடல்களைப் பழக்குவது எளிது, செலவும் குறைவு.