முதலாளிக்குப் பென்சன் இல்லை

அப்பாவுக்கு 68 வயசு. வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்குற ஒரு ஒழுங்கையில் அவருக்கு ஒரு பலசரக்குக் கடை இருக்கு. விடிய ஐந்தரைக்குக் கதவு திறக்கோணும். கிழமைக்கு இரண்டு நாள் புறக்கோட்டை ஐந்தாம் குறுக்குத் தெருவுக்குப் போய்ப் பருப்பு, செத்தல் மிளகாய், வெங்காயம் பார்த்து எடுக்கோணும். இரவு ஒன்பதுக்குக் கடை பூட்டின பிறகுதான் சாப்பாடு. எனக்கு நினைவு தெரிஞ்ச நாளிலிருந்து இதுதான் நடக்குது.

போன வருசம் அவருக்கு ஸ்டென்ட் வைச்சாங்க. டொக்டர் ஒரு மாதம் ஓய்வு என்று சொல்லித்தான் வீட்டுக்கு விட்டார். பத்தாம் நாள் காலமை எழும்பிப் பார்த்தா ஆளைக் காணேல்லை. கடைக்கு ஓடினேன். லாச்சிக்குப் பக்கத்தில் அதே கதிரையில் இருந்து ஒரு அம்மாவுக்கு உழுத்தம்மா நிறுத்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, காணும். றிட்டயர் பண்ணுங்கோ."

"பண்ணிப்போட்டு?"

எனக்கு மறுமொழி வரேல்லை. அந்த "பண்ணிப்போட்டு?"க்குத்தான் இவ்வளவு நாளும் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன்.

எங்கட ஆக்களிட்ட ஒரு சொல் இருக்கு: கோழி மேய்ச்சாலும் கோறணமேந்தில மேய்க்கோணும். அந்தக் காலத்துப் பெற்றோர் பென்சனை மனசில் வைச்சுத்தான் அப்பிடிச் சொன்னவை. தனியார் துறையில் வேலை செய்யிற ஆளுக்கும் ஏதோ ஒரு ஏற்பாடு இருக்கு. 2021ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் அவர்களின் குறைந்தபட்ச ஓய்வு வயதை 60 ஆக்கியது. ஊழியர் சேமலாப நிதிக்குச் சம்பளத்தில் 8 வீதம் ஊழியரும் 12 வீதம் முதலாளியும் கட்டுகினம். நம்பிக்கை நிதிக்கு முதலாளி இன்னும் 3 வீதம் போடுறார். வேலையை விட்ட ஆண்கள் 55 வயசிலும் பெண்கள் 50 வயசிலும் சேமலாபக் காசை எடுக்கலாம்.

எங்கட கடையில் 22 வருசமா நிக்கிற அண்ணா ஒருத்தர் இருக்கிறார், ஹற்றன் பக்கத்திலிருந்து வந்தவர். அவருடைய காசை அப்பா ஒரு மாதமும் தவறாமல் கட்டி வந்திருக்கிறார். அண்ணாவுக்கு வயசு வரேக்க கையில் ஒரு தொகை இருக்கும். கட்டின ஆளுக்கு ஒண்டும் இல்லை. இதை ஒருநாள் கேட்டபோது அப்பா சிரிச்சார். "கடைதான்டா என்ர ஈபிஎப்."

பகிடிதான். ஆனா அதுக்குள்ள பிரச்சினை முழுக்க இருக்கு. அப்பா தனக்கென்று ஒருநாளும் சம்பளம் எடுத்ததில்லை. வீட்டுச் செலவு லாச்சியிலிருந்து போகும், மிஞ்சினது திரும்பச் சாமானாகும். 83 ஆடியில் வெள்ளவத்தையில் கடைகள் எரிஞ்சபோது மாமாவின் கடையும் எரிஞ்சது. அப்பா அப்ப அங்க வேலைக்கு நிண்ட 26 வயசுப் பெடியன். இரண்டு வருசம் கழிச்சுக் கடன் வாங்கித் தானே ஒரு கடை திறந்தார். ஒருக்கா எரிஞ்சதைத் திரும்பத் திறந்தவரிட்ட "மூடிட்டு வாங்கோ" என்று நான் எவ்வளவு லேசாச் சொல்லிப்போட்டேன்!

பெரிய முதலாளிகள் என்ன செய்தவை என்று பார்த்தேன். விமான நிலையத்துப் பக்கம் போகேக்க களனிப் பாலம் தாண்டினா பேலியகொடை. டில்மாவின் தலைமையகம் அங்கதான் இருக்கு. மெரில் பெர்னாண்டோ தன்ர இரண்டு மகன்மார், டில்ஹான், மலிக் பெயர்களைச் சேர்த்துத்தான் தேயிலைக்குப் பெயர் வைச்சார். 2023இல், 93 வயசில் காலமானார். அதுக்கு முன்னமே, உயிரோட இருக்கேக்கயே, தலைமைப் பொறுப்பை டில்ஹானிடம் விட்டிட்டார்.

இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தியின்ர கதை வேற மாதிரி. கம்பனி விதிப்படி 2011இல், 65 வயசில் விலகினார். 2013இல் கம்பனி தடுமாறினபோது திரும்ப வந்தார், மகனையும் உதவிக்குக் கூட்டிக்கொண்டு. அடுத்த வருசம் திரும்பவும் விலகினார். சோஹோவின் ஶ்ரீதர் வேம்பு 2025 தையில் தலைமை நிறைவேற்று அதிகாரி பதவியை விட்டார். ஆனா வீட்டில் இருக்கப் போகேல்லை. அதே கம்பனியில் தலைமை விஞ்ஞானியாகி, தனக்குப் பிடிச்ச ஆராய்ச்சி வேலைக்குப் போனார்.

இதில் எனக்கு விளங்கினது ஒண்டுதான். வயசையும் திகதியையும் விதி முடிவு செய்யலாம். ஆனா விலகிற ஆளுக்குக் காலமை எழும்பிப் போக ஒரு இடம் வேணும். அவர் விட்ட கதிரையில் உண்மையாவே ஒருத்தர் இருக்கவும் வேணும். இரண்டில் ஒண்டு இல்லாட்டி ஆள் திரும்பி வரும். அப்பா பத்தாம் நாள் வந்த மாதிரி.

எங்கட கடையில் அந்தக் கதிரைக்கு ஆர்? நான் மென்பொருள் வேலை செய்யிறேன். கடைக்கு வர எனக்கு விருப்பமில்லை. அதை அப்பாவிட்ட வாய் திறந்து சொன்னதும் இல்லை. நான் இருக்கவும் மாட்டேன், நீங்கள் எழும்புங்கோ என்றுதான் இவ்வளவு நாளும் கேட்டிருக்கிறேன். கடைசியா ஒருநாள் சொன்னேன். அப்பா கனநேரம் கதைக்கேல்லை. பேந்து, "தெரியும்" எண்டார்.

அண்ணாவுக்குப் பங்கு குடுத்தா என்ன என்று கேட்டேன். குடும்பத்தில் சண்டை. "வேலைக்கு நிண்டவனுக்குப் பங்கோ?" என்று ஒரு சொந்தக்காரர் கேட்டார். அப்பாவும் மாமாவிட்ட வேலைக்கு நிண்டவர்தானே என்றேன். அந்த ஆள் தேத்தண்ணியைக் குடிக்காமலே எழும்பிப் போயிட்டார்.

சட்டத்தரணி ஒருத்தரிட்டப் போனோம். எங்கட கடை தனிவியாபாரம். சட்டத்தின் கண்ணில் கடையும் அப்பாவும் ஒரே ஆள். அப்பாவுக்கு ஏதும் நடந்தா அவர் பெயரில் உள்ள வங்கிக் கணக்கு முதல்கொண்டு எல்லாம் சிக்கும். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிச் சட்டத்தின் கீழ் பதிஞ்சா கடை வேற, ஆள் வேற. பங்கைப் பிரிக்கலாம், அப்பா சம்பளம் எடுக்கலாம், ஒருத்தர் போனாலும் கடை நிக்கும்.

இப்ப அந்த வேலை நடக்குது. அண்ணாவுக்கு எவ்வளவு பங்கு என்று இன்னும் முடிவில்லை. அதுக்கிடையில் அப்பாவின் தலைக்குள்ள இருக்கிறதைக் கொப்பியில் இறக்கிறோம். ஆருக்குக் கடன் குடுக்கலாம், வெளிநாட்டுக் காசு வந்ததும் கட்டுறவை ஆர், புறக்கோட்டையில் எந்தக் கடையில் நிறை சரி. அப்பா சொல்லச் சொல்ல அண்ணா எழுதுறார். பாதி விசயம் அண்ணாவுக்கு ஏற்கனவே தெரிஞ்சிருக்கு. அப்பாவுக்குத்தான் அது புதினம்.

சாமான் பார்க்கப் புறக்கோட்டைக்குப் போறது மட்டும் அப்பாவின் வேலையாகவே இருக்கட்டும் என்று விட்டிட்டோம். மிளகாயைக் கையில் எடுத்து உடைச்சு மணக்கிறது அவருக்கு உயிர். ஞாயிறு முழு லீவு. முதல் ஞாயிறு கடைக்கு ஒன்பது தரம் ஃபோன் எடுத்தார். போன ஞாயிறு மூண்டு தரம். கடைசி அழைப்பில் அண்ணா ஏதோ சொல்ல, அப்பா கொஞ்சம் யோசிச்சிட்டு, "சரி, உனக்குச் சரியெண்டு படுறதைச் செய்" எண்டார்.

அந்த வசனத்தை அவர் வாயால் நான் கேட்டது அதுதான் முதல் தரம்.