மூன்று நிமிடக் காரும் மூன்று வருடப் பொறுமையும்

ஒரு காரைப் பூட்டி முடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? 1959 ஏப்ரலில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் கூடியிருந்தவர்களைக் கேட்டிருந்தால், 'மூன்றே நிமிடம்' என்று சொல்லியிருப்பார்கள். டிரையம்ப் ஹெரால்டு என்ற புதிய காரின் அறிமுக விழா அது. மேடையில் தனித்தனியாக வைத்திருந்த பாகங்களை ஆட்கள் எடுத்துப் பொருத்தப் பொருத்த, எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு முழுக் கார் எழுந்து நின்றது.

அந்த ஹெரால்டின் சென்னைப் பதிப்பு ஒன்றைத் தர்மபுரி மாவட்டம் தீர்த்தமலையில் ஒரு வீட்டுக் கொட்டகையில் பூட்டி முடிக்க மூன்று வருடம் ஆனது. பூட்டியவர் மோட்டார் பம்பு ரிப்பேர் செய்கிறவர், வயது நாற்பத்தாறு. பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தவர் அவருடைய அப்பா. எழுபத்தெட்டு வயது. ஒரு காலத்தில் அந்தக் காரை ஓட்டியவர்.

வண்டலூர் பக்கம் பிறந்த கார்

இன்றைய பிள்ளைகளுக்கு ஸ்டாண்டர்டு என்ற பெயரே தெரியாது. அம்பாசடர் தெரியும், பத்மினி தெரியும். ஆனால் நம் தமிழ்நாட்டிலேயே தயாரான கார் ஸ்டாண்டர்டு. ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்ற நிறுவனம் 1948-ல் தொடங்கியது. வண்டலூருக்குப் பக்கத்தில் பெருங்களத்தூரில் அதன் தொழிற்சாலை. வேன்கார்டு, டென் போன்ற கார்களுக்குப் பிறகு, 1961-ல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு வந்தது. அப்புறம் நான்கு கதவு வைத்த மாடல், 1970-களில் கெஸல், 1985-ல் ஸ்டாண்டர்டு 2000. அதோடு கதை முடிந்தது.

ஹெரால்டில் ஒரு விசேஷம் உண்டு. அந்தக் காலத்திலேயே பெரும்பாலான புதுக் கார்களில் பாடியும் சேஸியும் ஒன்றாகவே வந்துவிட்டன. ஹெரால்டில் அப்படி இல்லை. லாரியைப் போல அடியில் தனிச் சேஸி. அதன்மேல் துண்டு துண்டாகப் போல்ட் போட்டு முடுக்கிய பாடி. இதற்குக் காரணம் ஒரு வியாபாரச் சிக்கல்தான். இங்கிலாந்தில் அந்த நிறுவனத்துக்குப் பாடி செய்து கொடுத்துவந்த தொழிற்சாலையைப் போட்டி நிறுவனம் வாங்கிவிட்டது. வேறு வழியில்லாமல், சின்னச் சின்னப் பாகங்களாக வெவ்வேறு இடங்களில் செய்து, கடைசியில் ஒன்றாகப் பூட்டும்படி காரை வடிவமைத்தார்கள். உருவத்தை வரைந்தவர் இத்தாலியின் மிக்கலோட்டி.

அன்றைய அந்தச் சங்கடம்தான் இன்றைக்கு வீட்டில் வைத்துப் பழைய ஹெரால்டைச் சரிசெய்கிறவர்களுக்கு வரம். சாதாரண ஸ்பேனர் செட்டும், ஒரு ஜாக்கியும், தூக்கிப் பிடிக்க நாலு ஆளும் இருந்தால் பாடியைச் சேஸியிலிருந்து இறக்கிவிடலாம். பானட் முழுசாக முன்பக்கம் சாய்ந்துவிடும். டயர்மேலேயே உட்கார்ந்துகொண்டு எஞ்சின் வேலை பார்க்கலாம்.

பிரிக்க ஒன்பது நாள்

அரூரில் இருந்த ஒரு டாக்டருடைய கார் அது. பெரியவர் இருபது வயதைத் தாண்டிய கையோடு அவரிடம் டிரைவராகச் சேர்ந்தார். டாக்டர் ஊரைவிட்டுப் போனபோது, "இனிமே இது உன் வண்டிப்பா" என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார். சில வருடம் ஓடியது. அப்புறம் பாகம் கிடைக்கவில்லை, பணமும் இல்லை. கொட்டகையில் நின்ற காரின்மேல் மரவள்ளி மூட்டையும் புளி மூட்டையும் ஏறின. கோழி அதற்குள் முட்டை வைத்தது.

காரைப் பிரிக்க மகனுக்கு ஒன்பது நாள்தான் ஆனது. ஆனால், பிரிப்பதில்தான் பூட்டுகிறவரின் தலையெழுத்து இருக்கிறது. எந்தப் போல்ட் எங்கே இருந்தது, எந்த வாஷர் எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்பது இரண்டு மாதம் கழித்து யாருக்கும் நினைவிருக்காது. அப்போது பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்த பேத்திதான் இதற்கு வழி செய்தாள். ஒவ்வொரு பாகத்தையும் கழற்றுவதற்கு முன் செல்போனில் இரண்டு படம். கழற்றிய போல்ட்டுகள் ஹார்லிக்ஸ் பாட்டில்களில். மேலே பிளாஸ்திரி ஒட்டி, 'வலது முன் கதவு - மேல் கீல்' என்று பேனாவில் எழுத்து. வீட்டு அலமாரியில் ஊறுகாய்க்கு இடமில்லாமல் போனதென்று அவளுடைய அம்மாவுக்கு வருத்தம்.

இதில் பெரியவர் ஒரு விஷயம் சேர்த்தார். பாடிக்கும் சேஸிக்கும் நடுவில் ரப்பர் பட்டைகளும், சில இடங்களில் மெல்லிய தகடுகளும் இருக்கும். அவை துருப்பிடித்த குப்பைபோலத் தெரியும். "அதைத் தூக்கிப் போட்டுறாத. எந்த இடத்துல எத்தனை தகடுன்னு எண்ணி எழுதச் சொல்லு" என்றார்.

ஏன் என்பது பூட்டும்போதுதான் புரிந்தது. ஹெரால்டின் கதவு ஒழுங்காக மூடுகிறதா இல்லையா என்பதைத் தீர்மானிப்பது கதவு அல்ல. அடியில் இருக்கும் அந்தத் தகடுகள்தான். ஒரு மூலையில் ஒரு தகடு குறைந்தால், மேலே கதவுக்கும் பாடிக்கும் நடுவில் உள்ள இடைவெளி கீழே ஒரு மாதிரி, மேலே ஒரு மாதிரி இருக்கும். அதனால் எந்தப் போல்ட்டையும் முதலில் முழுசாக முடுக்கக் கூடாது. எல்லாவற்றையும் கைமுடுக்காக விட்டு, கதவை மாட்டி, பானட்டை மூடிப் பார்த்து, இடைவெளி எல்லாம் ஒன்றுபோல வந்த பிறகுதான் இறுக்க வேண்டும்.

கண் சொன்ன கெடு

இந்த இடத்தில்தான் வீட்டுக்குள் ஒரு பிரச்சினை வந்தது.

பெரியவருக்குக் கண் அழுத்த நோய். ஒரு கண் ஏற்கெனவே போய்விட்டது. இன்னொன்றும் ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வந்தது. இருக்கும் பார்வையைக் காப்பாற்ற முயலலாம், போனது திரும்பாது என்று கண் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். மகனின் மனதில் ஒரே கணக்குத்தான்: அப்பாவுக்குப் பார்வை இருக்கும்போதே காரைப் பழைய நிறத்தில் காட்டிவிட வேண்டும். டேஷ்போர்டுக்கு அடியில், வெயில் படாத இடத்தில், பழைய வெளிர் நீலம் உள்ளங்கை அளவுக்கு அப்படியே இருந்தது. அதைக் காட்டிப் பெயின்டரிடம் நிறம் கலக்கவும் சொல்லிவிட்டார்.

பெரியவர் ஒப்புக்கொள்ளவில்லை.

"கதவு இன்னும் உக்காரலையே? பெயின்ட் அடிச்சிட்டு அப்புறம் கதவை ஏத்தி இறக்கினா ஓரமெல்லாம் பேந்துடும்டா. முதல்ல எல்லாம் உக்காரட்டும்."

"இல்லப்பா... நீங்க பாக்கணும்ல?"

"நான் பாத்த நிறந்தானே அது? எனக்கு எதுக்குக் காட்டுற?"

அதற்கு மேல் பேச்சில்லை. கதவு உட்கார நான்கு மாதம் பிடித்தது. அடிப்பகுதித் தகரம் அரித்துப்போன இடங்களை வெட்டிப் புதிதாக ஒட்டவைக்க இன்னும் சில மாதம். அதற்குள் பேத்தி பிளஸ் டூ முடித்தாள். கல்லூரிக் கட்டணம் வந்தது. எட்டு மாதம் காருக்கென்று ஒரு ரூபாய்கூடச் செலவழிக்கவில்லை. பெரியவர் அதைப் பற்றிக் கேட்கவும் இல்லை. ஆனால், சாயங்காலமானால் சுவரைத் தடவிக்கொண்டு கொட்டகைக்குப் போய் அதே ஸ்டூலில் உட்காருவதை நிறுத்தவும் இல்லை.

எந்த எஞ்சின்?

மீண்டும் வேலை தொடங்கியபோது, பலரும் சொன்ன யோசனை ஒன்றுதான்: "பழைய எஞ்சினைத் தூக்கிப் போடு. ஒரு மாருதி எஞ்சினை வைச்சு ஓட்டு." 948 சிசி பழைய எஞ்சினைப் போர் போட்டு, பெரிய சைஸ் பிஸ்டன் தேடி, வால்வு இழைத்து எடுப்பதைவிட அது சுலபம். பல ஹெரால்டுகள் இன்றைக்கு அப்படித்தான் ஓடுகின்றன.

ஆனால் இதில் சட்டமும் இருக்கிறது. எஞ்சினை மாற்றுவதென்றால் ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி, ஆர்.சி.யிலும் பதிய வேண்டும். 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, 50 வருடத்துக்கு மேலான கார்களை 'வின்டேஜ்' வாகனமாகப் பதியலாம். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய் கட்டணம். ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். புதிதாகப் பதிகிறவற்றுக்கு எண்ணில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும். ஆனால் சேஸி, பாடி, எஞ்சின் மூன்றும் பெரிய மாற்றமில்லாமல் மூல வடிவில் இருக்க வேண்டும். இன்னொன்றும் உண்டு: வின்டேஜ் பதிவு வாங்கினால் தினமும் ஓட்ட முடியாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டும்தான் அனுமதி. பழைய கார் வைத்திருப்பவர்கள், வேலையை ஆரம்பிக்கும் முன்பே எந்த வழி என்று முடிவு செய்துகொள்வது நல்லது.

இந்த வீட்டில், காரைப் பெரியவர் ஏறிப்போகும் வண்டியாக வைத்திருக்க ஆசை. அதனால் பதிவைச் சாதாரணமாகவே புதுப்பிப்பது என்று முடிவானது. எஞ்சின் மட்டும் பழையதே. சேலத்தில் லேத் வேலை முடித்துக் கொண்டுவந்தார்கள். சில பாகங்கள் சென்னைப் புதுப்பேட்டையில் கிடைத்தன. மற்றவை இங்கிலாந்திலிருந்து வந்தன. அங்கே ஹெரால்டின் பல பாகங்களை இன்றும் புதிதாகச் செய்கிறார்கள். ஸ்பிட்ஃபயர் என்ற அதன் தம்பிக் காருக்கும் அவை பொருந்தும் என்பதால் கிராக்கி குறையவில்லை.

கிரீஸ் அல்ல, ஆயில்

பாகம் தபாலில் வந்துவிடும். பக்குவம் வராது. அது இந்த வீட்டில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தது.

முன்சக்கரத்தைத் தாங்கும் இரும்புத் தண்டின் அடிமுனையில் மரை இருக்கும். அது ட்ரன்னியன் என்ற உலோகக் கூட்டுக்குள் திருகி நிற்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரைதான் சுழலும். மகன் அந்த இடத்துக்குக் கிரீஸ் துப்பாக்கியை எடுத்தபோது, சத்தத்தை வைத்தே பெரியவர் கண்டுபிடித்துவிட்டார்.

"டேய், அங்க கிரீஸ் வைக்காத. தொண்ணூறு நம்பர் கியர் ஆயில் ஊத்து."

கெட்டியான கிரீஸ் அந்த மரையின் அடிவரை இறங்காது. இறங்காத இடத்தில் தண்ணீர் தங்கும், துரு ஏறும். ஒருநாள் தண்டு ஒடிந்து, ஓடுகிற வண்டியின் முன்சக்கரம் மடங்கிக்கொள்ளும். கார் செய்த நிறுவனமே ஆயில்தான் ஊற்றச் சொன்னது. ஆனாலும் உலகமெங்கும் இந்தக் கார்களில் கிரீஸை அடைத்து விபத்துக்கு வழி செய்துகொண்டவர்கள் ஏராளம். பெரியவருக்கு இதையெல்லாம் எந்தப் புத்தகமும் சொல்லவில்லை. அரூரில் ஒரு வயதான மெக்கானிக் அவருக்குச் சொன்னது, ஐம்பது வருடம் கழித்து மகனுக்கு வந்து சேர்ந்தது.

இப்படி இன்னும் சில. சஸ்பென்ஷனில் ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளை, வண்டியின் முழு எடையும் டயரில் இறங்கிய பிறகுதான் கடைசியாக முடுக்க வேண்டும். ஜாக்கியில் தொங்கும்போதே முடுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழிந்துவிடும். பிரேக்கில் ரப்பர் என்று எது இருந்தாலும் பார்க்க நன்றாக இருந்தாலும் மாற்றிவிட வேண்டும். முதல் கியருக்குச் சிங்க்ரோ கிடையாது. வண்டி முழுசாக நின்ற பிறகுதான் போட வேண்டும். பேத்தி இவற்றையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டாள். தாத்தா சொன்ன தேதியோடு.

வெளிர் நீலம்

பெயின்ட் முடிந்து வந்தபோது, பெரியவருக்கு வெளிச்சம், இருட்டு என்ற அளவில்தான் தெரிந்தது. மகனால் கொட்டகைக்குள் நிற்க முடியவில்லை. பேத்திதான் தாத்தாவின் கையைப் பிடித்துப் பானட்டின்மேல் வைத்தாள். அவர் உள்ளங்கையை மெதுவாக இழுத்துக்கொண்டே போனார். பானட் முடிந்து கதவு ஆரம்பிக்கும் இடுக்கு வந்ததும் நின்றார். ஆள்காட்டி விரலை இடுக்கில் வைத்து மேலிருந்து கீழ்வரை ஓட்டினார். அடுத்த பக்கம் போய் அதையே செய்தார்.

"ரெண்டு பக்கமும் ஒண்ணா வந்திருக்கு" என்றார். அவ்வளவுதான்.

எலுமிச்சம்பழம் நசுக்கி, மலையடிவாரத்தில் தீர்த்தகிரீஸ்வரரை நினைத்துச் சூடம் காட்டி, தென்பெண்ணைக் கரையில் இருக்கும் அனுமந்தீர்த்தம்வரை முதல் ஓட்டம். மகன் ஓட்டினார். பெரியவர் இடப்பக்கம். பின்சீட்டில் மாமியாரும் மருமகளும் பேத்தியும். வழியெல்லாம் பெரியவர் எஞ்சின் சத்தத்தைக் கேட்டே சொல்லிக்கொண்டு வந்தார்: "இப்ப மூணாவது... ம், விடு... இப்ப நாலு."

போய்த் திரும்ப ஒரு மணி நேரத்துக்குமேல் ஆனது. நடுவில் ஒருமுறை சூடாகி நின்று, தண்ணீர் ஊற்றிக் கிளம்பியது. பெட்ரோல் மானி வேலை செய்யவில்லை. இடது கதவுக் கண்ணாடி பாதிக்குமேல் இறங்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் பேத்தி இந்த மூன்றையும் நோட்டில் புதிய பக்கத்தில் எழுதினாள். நான்காவதாகத் தாத்தா ஒன்று சேர்க்கச் சொன்னார்: ட்ரன்னியனுக்கு அடுத்து எப்போது ஆயில் ஊற்ற வேண்டும் என்ற தேதி.