குண்டலுபேட்டையில் ஓர் எலீட் வட்டு

ஜூலை 6

பந்திப்பூர் சாலையோரம் சூரியகாந்தி பூக்கும் பருவம். ஊருக்குள் ஒரு மாடி அறையில், ஓய்வுபெற்ற கணினி ஆசிரியர் பிபிசி மைக்ரோவின் மூடியைக் கழற்றி வைத்திருக்கிறார். 1984-இல் மத்திய அரசு தொடங்கிய கிளாஸ் திட்டத்தில் இந்தியப் பள்ளிகளுக்கு வந்த கணினி இது. 32 கேபி நினைவகம். யூனிகார்ன் என்ற பெயரில் நம் நாட்டு செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் நிறுவனமும் இதைத் தயாரித்தது.

கையில் இருப்பது அதே 1984-இல் அக்கார்ன்சாஃப்ட் வெளியிட்ட எலீட் என்ற விண்வெளி விளையாட்டின் அசல் வட்டு. டிரைவ் வேறு கம்பெனி, அதை இயக்கும் போர்டும் வேறு கம்பெனி. ஷிஃப்டை அழுத்திக்கொண்டு பிரேக்கைத் தட்டுகிறார். டிரைவ் சுழல்கிறது, சிவப்பு விளக்கு எரிகிறது, அதோடு சரி.

ஜூலை 9

முதல் சந்தேகம் டிரைவின் மேல். 80 டிராக் டிரைவில் ஹெட் ஒரு முறை நகரும் தூரம், 40 டிராக் வட்டுக்கு வேண்டியதில் பாதிதான். அதற்காகவே வெளிக் கம்பெனி டிரைவுகள் பலவற்றில் 40/80 ஸ்விட்ச் வைத்தார்கள். இதிலும் உண்டு. இரண்டு பக்கமும் தள்ளிப் பார்த்தார். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் ஹெட்டைத் துடைத்தார். பஞ்சில் பழுப்பு நிற ஆக்ஸைடு ஒட்டி வந்தது. நகலெடுப்பைத் தடுக்கும் பூட்டில்லாத சாதாரண வட்டுகள் எல்லாம் சுத்தமாக ஓடின. டிரைவில் பழுதில்லை.

ஜூலை 10

அப்படியானால் போர்டுதான். பிபிசி மைக்ரோவின் முதல் வட்டுக் கட்டுப்பாட்டுச் சிப் இன்டெல் 8271. விலை அதிகம், கிடைப்பதும் அரிது. வெளிக் கம்பெனிகள் வெஸ்டர்ன் டிஜிட்டல் 1770 வகைச் சிப்புகளுக்கு மாறின; இந்த போர்டிலும் அதுதான். 1985-இல் பி பிளஸ் மாடலில், இந்தக் கணினியை உருவாக்கிய அக்கார்னே 1770-க்குப் போய்விட்டது.

வட்டில் ஒவ்வொரு செக்டருக்கு முன்னாலும் அதன் டிராக் எண் பதிந்திருக்கும். எலீட் வட்டில் அந்த எண்ணை வேண்டுமென்றே மாற்றிப் பதித்திருக்கிறார்கள். வீட்டுக் கதவில் பொய்யான எண்ணை மாட்டி வைப்பது போல. ஹெட் நிற்கும் இடம் ஒன்று, தேட வேண்டிய எண் இன்னொன்று என்று விளையாட்டு சிப்புக்குச் சொல்ல வேண்டும். 1770-ஆலும் இது முடியும், கட்டளைதான் வேறு. எலீட் கொடுப்பதோ 8271-க்கு உரிய கட்டளை. வழக்கமான கட்டளைகளை வெளி போர்டுகள் மாற்றிக் கொடுத்துவிடும். இது வழக்கத்தில் இல்லாதது.

வட்டை நகலெடுப்பவரைத் தடுக்கப் போட்ட பூட்டு, காசு கொடுத்து வாங்கி வேறு போர்டு வைத்திருந்தவரையும் வெளியே நிறுத்தியது. இது அநியாயம் என்றே அவர் டைரியில் எழுதுகிறார்.

ஜூலை 13

கூடலூரிலிருந்து அக்கா மகன் 8271 சிப்போடு வந்தான். இரவு 9 மணிக்குப் பந்திப்பூர் காட்டுச் சாலையை அடைத்துவிடுவார்கள் என்பதால் அங்கிருந்து மாலையிலேயே கிளம்பியிருந்தான்.

“மாமா, ஃபைலை மட்டும் காப்பி பண்ணிட்டா போதாதா?”

“போதாதுடா. பூட்டு ஃபைல்ல இல்ல, வட்டுல நம்பர் போட்ட விதத்துல இருக்கு.”

போர்டைப் பிடுங்கி, 40 கால் சிப்பை அதன் பழைய சாக்கெட்டில் அழுத்தி, லிங்குகளை மாற்றி, வட்டுகளைக் கையாளும் அக்கார்னின் டிஎஃப்எஸ் ரோமைத் திரும்பப் பொருத்தினார்கள். அதே வெளிக் கம்பெனி டிரைவ்தான். எலீட் ஏறியது! லாவே கோளின் நிலையத்திலிருந்து கப்பல் கிளம்பும்போது மறுபடி டிரைவ் ஓடும். வட்டுப் பதிப்பு பறப்பதற்கான நிரலை அப்போதுதான் படிக்கிறது. அங்கேயும் தடங்கல் இல்லை. பையன் கீபோர்டை விடவே இல்லை.

ஜூலை 20

அசல் வட்டு இன்னும் எத்தனை காலம் தாங்குமோ. சட்டப்படி வைத்திருப்பவர் பாதுகாப்புக்காக நகலெடுக்க 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இடம் தருகிறது. செக்டர் செக்டராகப் படித்தால் மாற்றிப் பதித்த எண்கள் தொலைந்துபோகலாம். ஆகவே கிரீஸ்வீசல் என்ற சிறு போர்டை டிரைவோடு இணைத்து, காந்தப் பதிவின் ஏற்ற இறக்கங்களையே அப்படியே பதிவு செய்கிறார். ஒவ்வொரு டிராக்கையும் பல சுற்றுகள். பொய் எண்களும் சேர்ந்தே வருகின்றன. அடுத்து, அலமாரியில் பூஞ்சை பிடித்துக் கிடக்கும் மற்ற வட்டுகளைத் துடைக்க வேண்டும்.