காக்காவின் குறிப்பேடு

மலர்க்குழுவினர் இவ்வாண்டும் நம்மிடம் கட்டுரை கேட்டனர். பிள்ளைத்தமிழ் பற்றி எழுதினால் நலம் என்றும் சொன்னார்கள். ஆய்வியல் நிறைஞர் பட்டத்திற்கு நாம் எடுத்துக்கொண்ட பொருள் அதுவே என்பதை அறிந்தவர்கள் அவர்கள். பழைய ஆய்வேட்டைத் தேடி நூலலமாரியின் கீழ்த்தட்டைக் கலைத்தபோது, ஆய்வேட்டிற்கு முன்னால் வேறொன்று கையில் அகப்பட்டது. எண்பது பக்கக் கோடிட்ட நோட்டு. முதல் மூன்று பக்கங்களில் மட்டும் எழுத்து. மொத்தம் 36 வரிகள், அவற்றின் கீழே இன்னும் ஒரு வரி. எழுதியவர் நம் மூத்த சகோதரர். பிள்ளைத்தமிழைப் பற்றித் தொடங்கவேண்டிய இக்கட்டுரை அந்த நோட்டைப் பற்றியதாகவே ஆகிவிட்டது. பெரியோர் பொறுத்தருள்க.

காக்கா ஓவியர். 1850ஆம் ஆண்டில் ஹண்டர் என்னும் மருத்துவர் தொடங்கி, இன்று எழும்பூரில் அரசு கவின் கலைக் கல்லூரியாக விளங்குகிறதே, அங்கே பயின்றவர். பயின்றது நீர்வண்ணமும் எண்ணெய் வண்ணமும். பிழைத்தது மேலட்டையாலும் கடைப்பலகையாலும். 2001ஆம் ஆண்டில் அவர் திருவல்லிக்கேணியில் ஒரு மாடிப் பகுதியை வாடகைக்குப் பிடித்திருந்தார். ஆய்வேடு எழுதுவதற்காக நாமும் அவ்வீட்டிலேயே ஒண்டிக்கொண்டிருந்தோம். அவ்வாண்டுதான் அவருக்குத் தலைச்சன் பெண் பிறந்தது. மதினியாருக்குத் தாயில்லை, ஆகவே தாய்வீட்டுப் பேறு என்னும் வழக்கம் மாறி, ஊரிலிருந்து உம்மாவும் வாப்பாவும் சென்னைக்கு வந்தனர்.

காக்காவிடம் 'பென்டாக்ஸ் கே 1000' என்னும் நிழற்படக் கருவி ஒன்று இருந்தது. இரண்டாங்கையாக வாங்கியது. ஒளி அளக்கும் முள்ளுக்கு மட்டுமே மின்கலம் வேண்டும், மற்றவையெல்லாம் கைவேலை. ஒரு சுருளுக்கு 36 படம். இன்று கைப்பேசியில் ஒரு காலைப்பொழுதில் எழுபது படம் எடுத்து அவற்றை மறந்துபோகும் மாணவச் செல்வங்களுக்கு அந்த 36 என்னும் எண்ணின் அருமை விளங்காது. பேறுகால நாற்பது நாளுக்கும் ஒரே சுருள் என்று காக்கா முடிவு செய்தார். காசில்லாமையே காரணம், ஆயினும் அது ஒரு நோன்புபோல் ஆகிவிட்டது. எடுக்கும் ஒவ்வொரு படத்திற்கும் நோட்டில் ஒரு வரி: எண், துளையின் அளவு, கதவு திறந்து மூடும் நேரம், என்ன படம் என்பது.

அவருடைய அன்றாடம் அந்நாளில் எப்படி இருந்தது என்பதைச் சொன்னால்தான் அந்த வரிகளின் சுருக்கம் புரியும். இரவு பத்து மணிக்கு மேலட்டை வரைய அமர்வார். தூளியின் கயிற்றைத் தம் காற்பெருவிரலில் கட்டிக்கொள்வார். வலக்கையில் தூரிகை, கால் மட்டும் தாளம் போட்டுக்கொண்டிருக்கும். கை அசையாமல் காலை ஆட்டுவது எளிதன்று; அவ்வாண்டு வந்த ஒரு நாவலின் மேலட்டையில் தலைப்பெழுத்தின் கொம்பு சற்றே நெளிந்திருக்கும். பதிப்பாளர் அதைப் புதுமை என்று பாராட்டியதாகக் கேள்வி. விடியுமுன் பிள்ளைத்துணிகளை அலசிப் போடுவதும் அவரே. தண்ணீர் அடிகுழாயில் பிடித்துக் குடத்தில் ஏற்றியது. துணி அலச மூன்று குடம், படச்சுருள் கழுவ ஒரு குடம் என்று மதினியார் கணக்கு வைத்திருந்தார். குளியலறையே இருட்டறை என்பதால், 'ஹைப்போ' கரைத்த வாளி பிள்ளைத்துணி வாளியின் பக்கத்தில் வரலாகாது என்பது அவருடைய கடுமையான சட்டம்.

குளியலறையின் காற்றுத் துளைக்குக் கறுப்புத் துணி; கதவின் அடியிடுக்கிற்குச் சாக்கு. உள்ளே நின்று கதவைச் சாத்தினால் தன் கை தனக்குத் தெரியாது. பசுரா நகரில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அல் ஹைதம் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இருண்ட அறைக்குள் சிறு துளைவழி ஒளியைப் புகவிட்டு ஆராய்ந்தார். 'கேமரா' என்னும் இலத்தீன் சொல்லுக்கும் அறை என்றே பொருள். எம் காக்காவின் அறையில் மட்டும் சோப்புப் பெட்டியும் இருந்தது.

பச்சிளங்குழந்தைக்கு ஒரு சாண், ஒன்றேகால் சாண் தொலைவே தெளியும் என்பர் மருத்துவர். பாலருந்தும் குழந்தைக்கும் தாய்முகத்திற்கும் உள்ள தொலைவு அது. நிறங்களும் அப்போது நன்கு பிடிபடுவதில்லை. கறுப்பும் வெளுப்பும் கூடும் விளிம்பையே கண் நாடும். காக்காவின் சுருளும் கறுப்பு வெள்ளைதான். ஆனால் அவருடைய கண்ணாடிவில்லை 45 செண்டிமீட்டருக்குள் எதையும் தெளிவாகப் பிடிக்காது. அதாவது, பிள்ளை பார்க்கும் தொலைவிற்குள் அக்கருவியால் நுழைய முடியாது. பத்தொன்பதாம் எண்ணின் எதிரே அவர் எழுதியிருப்பது: "இன்னும் கிட்டே போகவேண்டும். போனால் மங்கும்."

உம்மாவுக்கு ஒரே அச்சம், மின்னொளி. "பச்சைப் பிள்ளை முகத்துல பளீர்னு அடிக்காதே வாப்பா" என்று நாள்தோறும் சொல்வார். காக்கா அடித்ததே இல்லை. சன்னல் வெளிச்சத்திலேயே, முப்பதில் ஒரு விநாடி மூச்சடக்கி எடுப்பார். அதனால்தான் பல வரிகளில் "கை அசைந்தது" என்னும் குறிப்பு.

வாப்பாவின் தடை வேறு வகையானது. உருவம் வரைவது பற்றி நம் பெரியோர்க்குள்ள தயக்கம் யாவரும் அறிந்தது. மகன் ஓவியக் கல்லூரியில் சேர்ந்தபோதே ஓராண்டு பேசாமலிருந்தவர் அவர். ஒளிப்படம் வரைவதாகுமா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எகிப்தின் தலைமை முஃப்தியாக 1914 முதல் 1920 வரை இருந்த முஹம்மது பகீத் அல் முத்தீஈ, ஒளிப்படம் புதிதாக ஓர் உருவைப் படைப்பதன்று, உள்ள நிழலைத் தடுத்து நிறுத்துவதே என்று தனி நூல் எழுதினார். தமிழிலும் அதற்கு நிழற்படம் என்றே பெயர் அமைந்திருப்பதை வாப்பாவிடம் எடுத்துச் சொன்னோம், தமிழ் படிக்கும் செருக்கோடு. "சொல் பொருந்திவிட்டால் ஹலாலாகிவிடுமா?" என்று கேட்டுவிட்டு உளூச் செய்யப் போய்விட்டார். ஹஜ்ஜுக்காகக் கடவுச்சீட்டில் ஒட்டிய படம் ஒன்றுதான் அவர் வாழ்நாளில் உடன்பட்டு எடுத்துக்கொண்டது.

நோட்டின் இரண்டாம் வரி இது: "2. எஃப் 2, 1/30. மருத்துவமனை. வாப்பா பாங்கு சொல்கிறார். அறியார்."

பிறந்த பிள்ளையின் வலக்காதில் பாங்கும் இடக்காதில் இகாமத்தும் சொல்லக் குனிந்த வாப்பாவைக் காக்கா வாயிற்பக்கமிருந்து எடுத்திருக்கிறார். அக்கருவியின் கதவு மூடும் ஓசை சிறிதன்று. காதோடு சொல்லும் பாங்கோ மெல்லியது. வாப்பாவுக்குக் கேளாதிருந்திருக்குமா என்பது நம் நெடுநாள் ஐயம்.

மதினியார் தம் முகத்தை எடுக்கவேண்டாம் என்றார். யாரும் தடுத்ததால் அன்று, அவருக்கே விருப்பமில்லை. ஆகவே, "22. அவள் கை மட்டும்." "25. முந்தானையும் பிள்ளையின் பாதமும்." சென்ற நூற்றாண்டிற்கு முந்தைய நூற்றாண்டில் ஐரோப்பியப் படநிலையங்களில் ஓர் வழக்கம் இருந்தது. ஒரு படத்திற்குப் பல விநாடிகள் அசையாதிருக்க வேண்டியிருந்தமையின், பிள்ளையைப் பிடித்துக்கொள்ளும் தாயின்மேல் துணியைப் போர்த்தி, நாற்காலிபோல் ஆக்கிவிடுவார்கள். படத்தில் பிள்ளை மட்டும் தெரியும்; பின்னால் துணிமூட்டை ஒன்று அமர்ந்திருக்கும். பின்னாளில் அப்படங்களைக் கண்டபோது மதினியாரை நினைத்தோம். வேறுபாடு பெரிது. அங்கே தாயை மறைத்தார்கள். இங்கே தாய் தாமே வேண்டாமென்றார், காக்கா அதைக் குறித்தும் வைத்தார்.

நாமோ அவ்வீட்டில் சன்னலோரம் அமர்ந்து, பிள்ளைத்தமிழ் ஆய்ந்துகொண்டிருந்தோம். பாட்டியல் நூலார் மூன்றாம் திங்களில் காப்பு, ஐந்தில் செங்கீரை, ஏழில் தால் என்று வகுத்துச் செல்வர். இசுலாமியப் புலவர்களும் அம்மரபைக் கைக்கொண்டு, காப்பை அல்லாஹ்விடமே வேண்டிப் பாடினர். மூன்றாம் திங்களுக்கு முற்பட்ட நாள்களுக்குப் பருவமில்லை, பாட்டுமில்லை. பாடியோர் பெரும்பாலும் ஆடவர். அந்நாள்களில் அவர்கள் வீட்டில் எங்கே இருந்தார்கள் என்று எண்ணிப் பார்க்கிறோம். நாம் எங்கே இருந்தோம் என்பதற்குச் சான்று உண்டு: "29. தம்பி, சன்னலோரம், புத்தகம். பின்னால் தூளி."

உம்மா முப்பதாம் நாளே ஊர் திரும்பிவிட்டார். வாப்பா அகீகா முடிந்ததும் சென்றுவிட்டவர். நாற்பதாம் நாள் மதினியார் தலைக்குக் குளித்து, மஃக்ரிபு தொழுகைக்கு நின்றார். அத்தனை நாள் கழித்து நிற்கும் தொழுகை. காக்கா, முப்பத்தாறாம் படத்தை அன்று மாலை எடுத்து முடித்துவிட்டு, சுருளைக் கழுவக் குளியலறைக்குள் புகுந்தார். சுருளை உறையிலிருந்து உருவி, நெளிவரி போட்ட உருளையில் இருட்டிலேயே சுற்றி, ஒளிபுகாத குப்பிக்குள் வைத்து மூடவேண்டும். மூடிவிட்டால் பிறகு விளக்கைப் போடலாம். இரண்டு நிமிட வேலை. ஆனால் ஈரமோ வியர்வையோ பட்டால் சுருள் உருளையில் ஒட்டிக்கொண்டு நகராது. அன்று நகரவில்லை.

பிள்ளை அழுதது. உள்ளிருந்து காக்கா, "தம்பி, பிள்ளையைத் தூக்கு" என்றார்.

"இதோ" என்றோம். செங்கீரைப் பருவத்திற்கு விளக்கம் எழுதிக்கொண்டிருந்தோம். குழந்தை கையூன்றித் தலை நிமிர்த்தி ஆடுவதைப் பற்றிய வாக்கியம். அதை முடித்தோம். மீண்டும் அழைத்தார். மீண்டும் "இதோ" என்றோம். நாற்பது நாளில் அப்பிள்ளையை நாம் ஒருமுறையும் தூக்கியதில்லை என்பதை இங்கே ஒளிக்க வேண்டியதில்லை. தூக்கத் தெரியாது, தெரிந்துகொள்ள வேண்டியது நம் வேலை என்று தோன்றவும் இல்லை. அடுத்த வாக்கியத்தைத் தொடங்கினோம்.

அழுகை நின்றது. பிறகு ஒரு விக்கல்போன்ற ஒலி. குளியலறைக் கதவு திறந்து சுவரில் மோதியது. காக்கா பாதி சுற்றிய உருளையைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தார். மீதிச் சுருள் அவர் முழங்கையில் சிக்கிக் கூடவே வந்தது. கூடத்துக் குழல்விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பால் எதுக்களித்துப் புரையேறியிருந்தது. பிள்ளையைக் கவிழ்த்துப் பிடித்து முதுகைத் தட்டினார். மூக்கின்வழிப் பால் வந்தது. பிறகு அழுகை வந்தது. மதினியார் ஸலாம் கொடுத்து எழுந்து வருமுன் எல்லாம் முடிந்திருந்தது. நாம் எழுதுகோலோடு நின்றிருந்தோம்.

யாரும் நம்மை ஒரு சொல் சொல்லவில்லை. காக்கா தேநீர் கேட்டார். இரவில், எதற்கும் பார்ப்போம் என்று, சுருளைக் கரைசலில் இட்டுக் கழுவி எடுத்தார். ஒளி பட்ட இடம் கறுப்பது அதன் இயல்பு. முனைமுதல் முனைவரை ஒரே கறுப்பு. குளியலறைக் கொடியில் பிள்ளைத்துணிகளுக்கிடையே அதையும் இரண்டு நாள் தொங்கவிட்டிருந்தார், ஏனென்று தெரியவில்லை. நோட்டில் 36க்குக் கீழே எழுதியிருக்கிறார்: "சுருள் முழுதும் கறுப்பு. பிள்ளை நலம்." எப்படிக் கறுத்தது என்பதை எழுதவில்லை.

வாப்பா 2006இல் இறையடி சேர்ந்தார். அதற்கு முன் ஒருநாள் நடந்ததை நாமே அவரிடம் சொன்னோம், இரண்டாம் எண் படத்தையும் சேர்த்து. படத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. புரையேறியபோது பிள்ளையின் முகம் நீலித்ததா என்று மட்டும் கேட்டார். இல்லை என்றோம். உண்மையில் அதை நாம் பார்க்கவில்லை.

காக்கா வீடு மாறியபோது நோட்டு நம் நூற்கட்டோடு வந்துவிட்டது. திருப்பிக் கொடுக்கலாம் என்று ஒவ்வோர் ஆண்டும் நினைத்ததுண்டு. சென்ற பெருநாளன்று அந்தப் பெண் வந்திருந்தாள். தான் கைக்குழந்தையாய் இருந்த படம் ஒன்றுகூட வீட்டில் இல்லை, வாப்பாவைக் கேட்டால் சாச்சாவிடம் கேள் என்கிறார் என்றாள். அலமாரியில் எங்கோ இருக்கிறது, தேடிவைக்கிறேன் என்று அன்று தட்டிக்கழித்தோம். கட்டுரைக்காகத் தேடுகையில் அது கைக்கு வந்தபின் தட்டிக்கழிக்க வழியில்லை. அழைத்துவரச் சொல்லி, நோட்டை அவள் கையில் கொடுத்தோம். மூன்று பக்கங்களையும் நின்றபடியே படித்தாள். இரண்டாம் வரியில் சற்று நின்றாள். கடைசி வரியைப் படித்துவிட்டு ஏனென்று கேட்டாள். சொன்னோம், "இதோ" என்றதையும் விடாமல். கேட்டுக்கொண்டிருந்தவள் பக்கத்தைத் திருப்பி 29ஆம் எண்ணில் விரலை வைத்தாள்.

"இது என்ன புத்தகம் சாச்சா?"

"பிள்ளைத்தமிழ்" என்றோம்.