மாமாவோட வண்டியும் காணாமப்போன காத்தும்

கம்பம் பள்ளத்தாக்குல ஒரு வண்டி நல்ல வண்டியான்னு தெரிஞ்சுக்க ஆர்.சி. புக்கெல்லாம் பாக்க மாட்டாங்க. "மெட்டு ஏறுமா?"ன்னு ஒரே கேள்விதான். கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு, மூணுல ஒண்ணுல ஆளோட ஏறிட்டா போதும். ராயப்பன்பட்டியில இருக்குற எங்க மாமாவோட வண்டி ரெண்டு மாசமா அந்தப் பரீட்சையில ஃபெயில்.

வண்டி 2012 மாடல், 2.2 லிட்டர் டர்போ டீசல், மஞ்ச போர்டு. (கம்பெனி பேரு வேணாம் மக்களே, அவங்களுக்கும் நமக்கும் சண்டை எதுவும் இல்ல.) காலையில ஆறு மணிக்கு ஆளுங்களை ஏத்திட்டு கம்பம்மெட்டு தாண்டி வண்டன்மேடு பக்கம் ஏலத்தோட்டத்துல விடணும், சாயங்காலம் திரும்பக் கூட்டிட்டு வரணும். இதுதான் மாமாவோட பொழப்பு. சமதளத்துல கத்தியாட்டம் போற வண்டி, ஏத்தம் வந்ததும் திணறும். ரெண்டாவது கியருக்கு மேல போகாது. பின்னாடி கரும்புகை. கொண்டை ஊசி வளைவுல மேலேருந்து லாரி இறங்கும்போது நம்ம வண்டி முக்கிக்கிட்டு நின்னா, உள்ள இருக்குறவங்க சாமி பேரைச் சொல்ல ஆரம்பிச்சுடுறாங்களாம். "ஒருநாள் ரெண்டு பொம்பளைங்க பாதியிலயே இறங்கி வேற ஜீப்புல ஏறிட்டாங்க மாப்ள"ன்னு மாமா சொன்னப்ப குரல் ஒரு மாதிரி ஆயிடுச்சு.

ஒரு பட்டறையில "டர்போ போச்சு, அறுபத்தஞ்சாயிரம் ஆகும்"னுட்டாங்க. இன்னொரு இடத்துல "புகை அடிக்குதுல்ல, இன்ஜெக்டர் நாலும் மாத்தணும்". நடுவுல ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர் ரெண்டும் புதுசா போட்டாச்சு, ஒரு மாற்றமும் இல்ல. ஒரு புரோக்கர் அடிமாட்டு விலை கேட்டுட்டுப் போயிருக்கார். மாமாவும் தலையாட்டுற நெலமையிலதான் இருந்தார்.

நான் படிச்சது மெக்கானிக்கல், புடுங்குறது சாஃப்ட்வேர் ஆணி. நாலு வருஷம் படிச்ச தெர்மோடைனமிக்ஸுக்கு வேலையே வரலையேன்னு இருந்தவனுக்கு லீவுல இப்படி ஒரு கேஸ் மாட்டுச்சு. விடுவமா :-)

ஸ்டியரிங்குக்குக் கீழ ஒரு சாக்கெட் இருக்கும். அதுல சொருகுற குட்டி புளூடூத் அடாப்டர் ஒண்ணு வாங்கி வந்திருந்தேன். போன்ல ஒரு ஆப். சொருகிப் பாத்தா பி0299ன்னு ஒரே ஒரு கோடு. "டர்போ அழுத்தம் பத்தல"ன்னு அர்த்தம். முதல் பட்டறையில இதைப் படிச்சிட்டுத்தான் டர்போவையே மாத்தச் சொல்லியிருக்கணும். எர்ரர் மெசேஜ்ல டேட்டாபேஸ்னு ஒரு வார்த்தை வந்தா உடனே டேட்டாபேஸையே மாத்துவோம்னு சொல்ற மேனேஜர் நமக்கெல்லாம் தெரிஞ்சவர்தானே! கோடு சொல்றது எது கொறையுதுன்னு மட்டுந்தான். ஏன் கொறையுதுன்னு நாமதான் தேடணும்.

சாவி மட்டும் போட்டு, இஞ்சினை ஸ்டார்ட் பண்ணாம மேப் சென்சாரைப் பாத்தேன். 96 கிலோபாஸ்கல். கடல் மட்டத்துல 101 இருக்கும். நம்ம ஊரு கொஞ்சம் மேட்டுல இருக்கு, அதனால 96 சரிதான். ஆக அந்த சென்சார் பொய் சொல்லல. இது முக்கியம். சென்சாரையே சந்தேகப்பட ஆரம்பிச்சா அப்புறம் விடிஞ்சிரும்.

மறுநாள் ஆள் ஏத்தாம, மாமா ஓட்ட, நான் பக்கத்துல உக்காந்து கம்பம்மெட்டு ரோட்டுல ஏறினோம். 2000 ஆர்.பி.எம்., ஆக்சிலரேட்டர் முழுசா அமுக்கியிருக்கு. மேப் 200 பக்கம் வந்திருக்கணும். 125லயே நின்னுடுச்சு. டீசல் ரயில் பிரஷர் நல்லாவே ஏறுது, அப்ப டீசல் பக்கம் குத்தம் இல்ல. சரி, காத்துதான். இந்த இடத்துலதான் சுவாரசியம். இஞ்சினுக்குப் போற காத்தை ஏர் ஃபில்டருக்குப் பக்கத்துலயே எடை போடுற சென்சார் ஒண்ணு இருக்கு, மாஃப்னு சொல்வாங்க. அது நொடிக்கு 65 கிராம்னு காட்டுது.

ஓரமா நிறுத்தச் சொல்லி டீக்கடை பில்லுக்குப் பின்னாடி கணக்குப் போட்டேன். நாலு ஸ்ட்ரோக் இஞ்சின், ஒரு சுத்துக்குப் பாதி கொள்ளளவு, அதாவது 1.1 லிட்டர். நிமிஷத்துக்கு 2000 சுத்துன்னா நொடிக்கு ஏறக்குறைய 37 லிட்டர். 125 அழுத்தத்துல, அந்த சூட்டுல, சிலிண்டர் முழுசா ரொம்பாதுங்கறதையும் கழிச்சா நொடிக்கு 43 கிராம் சொச்சம்தான் உள்ள போக முடியும். வாசல்ல 65 எண்ணுறான், வீட்டுக்குள்ள 43தான் இருக்கு. மிச்சம் இருபத்திச் சொச்சம் எங்க?

டர்போ செத்திருந்தாலோ ஃபில்டர் அடைச்சிருந்தாலோ ரெண்டு சென்சாருமே கம்மியா காட்டியிருக்கும். ஒண்ணு நெறைய, ஒண்ணு கம்மின்னா டர்போவுக்கும் இஞ்சினுக்கும் நடுவுல எங்கயோ ஓட்டை. மாமாவுக்கு இதை எப்படிச் சொல்றதுன்னு யோசிச்சேன். "மாமா, லோயர் கேம்ப்ல பெரியாத்துத் தண்ணி மலை மேலேருந்து பைப்புல இறங்கி பவர் ஹவுஸுக்கு வருதுல்ல? மேல விட்ட தண்ணியளவு சரியா இருக்கு, கீழ கரண்ட் மட்டும் கம்மின்னா என்ன அர்த்தம்?"

"பைப்பு ஒழுகுதுன்னு அர்த்தம். மலை ஏறும்போது குக்கர் விசில் மாதிரி ஸ்ஸ்னு ஒரு சத்தம் வருது மாப்ள. அதைச் சொன்னா எவனும் காதுல வாங்கல."

கரும்புகைக்கும் இதே கதைதான். வாசல்ல எண்ணின காத்துக்கு ஏத்த மாதிரி கம்ப்யூட்டர் டீசலை விடுது. பாதி வழியில காத்து ஓடிப் போயிடுது. எரியாத டீசல் புகையா வருது. இன்ஜெக்டர் பாவம். இப்படியே ஓட்டினா, கொறையுற அழுத்தத்தை ஈடுகட்ட டர்போ தலைதெறிக்கச் சுத்தி, நல்லா இருக்குற டர்போவும் நெசமாவே போயிருக்கும்.

ஐடிலிங்ல பாத்தா ஓட்டை தெரியாது. அழுத்தம் ஏறினாத்தான் வாயைத் திறக்கும். அதனால போர்வெல் பைப்புக்குப் போடுற பி.வி.சி. மூடி ஒண்ணு வாங்கி, ஓட்டை போட்டு, டியூப்லெஸ் டயர் வால்வைச் சொருகி, டர்போவுக்கு முன்னாடி வர்ற பைப்பைக் கழட்டி அதுல மாட்டினோம். இஞ்சின் பிரீதர் பைப்பையும் அடைக்கணும், இல்லன்னா காத்து ஆயில் பக்கம் போயிடும். பஞ்சர் கடை கம்ப்ரஸர்ல பத்து பி.எஸ்.ஐ. மட்டும் விட்டோம். அதுக்கு மேல ஆசைப்படக் கூடாது. திராட்சைக்கு மருந்தடிக்கிற ஹேண்ட் ஸ்பிரேயரை (நல்லா கழுவிட்டுத்தான்!) எடுத்து சோப்புத் தண்ணி ஊத்தி ஒவ்வொரு ஹோஸா அடிச்சுக்கிட்டே வந்தார் மாமா. தோட்டத்துல கொடி கொடியா அடிச்ச கை, ஒரு இடம் விடல.

இன்டர்கூலர்லேருந்து இஞ்சினுக்குப் போற ரப்பர் ஹோஸ். கிளாம்ப்புக்குப் பக்கத்துல, அடிப்பக்கமா, மேலேருந்து பாத்தா தெரியாத இடத்துல ரெண்டு விரல் நீளத்துக்குக் கீறல். சோப்பு நுரை பொங்கலாட்டம் பொங்குச்சு. சுத்தி எண்ணெய்ப் பிசுக்கு. பல வருஷமா ஆயில் ஆவி பட்டு ரப்பர் ஊறிப்போய் வெடிச்சிருக்கு.

தேனிக்குப் போய் ஹோஸ் 1,400 ரூபாய், கிளாம்ப் ரெண்டு 180 ரூபாய். பழைய பி0299ஐ அழிச்சிட்டு அன்னைக்கு சாயங்காலமே திரும்ப அதே ஏத்தம். 2000ல மேப் 205, மாஃப் 68. கணக்குப் போட்டா இப்ப உள்ள போறதும் வாசல்ல எண்ணுறதும் கிட்டத்தட்ட ஒண்ணு. மாமா மூணாவது கியர்ல போட்டுட்டு ஒண்ணும் பேசல. மேல செக்போஸ்ட் கிட்ட வண்டியை நிறுத்தி பானட்டைத் தொட்டுப் பாத்துட்டு, "பழைய ஜீப்புல இந்த டர்போ கன்றாவியெல்லாம் கெடையாது. மெதுவா ஏறும், ஆனா ஏறும்"னு மட்டும் சொன்னார். அவர் சொல்றதும் சரிதான். மஹிந்திரா ஜீப்புகள்ல இருந்த அந்த பூஜோ டீசல் இஞ்சினுக்கு இந்த ஹோஸே கெடையாது, பிரியுறதுக்கு.

டர்போ இல்லாத இஞ்சினுக்கு மேல போகப் போகக் காத்து மெலிஞ்சு பவரும் கொறையும். ஆயிரம் மீட்டருக்கு ஏறக்குறைய பத்துல ஒரு பங்கு. டர்போ அதை ஈடு கட்டிடும். ஆல்ஃபிரட் பூஷின்னு ஒரு சுவிஸ்காரர் 1905லேயே இதுக்கு பேட்டன்ட் வாங்கிட்டார். மாமாகிட்ட இதைச் சொன்னேன். "அவரு கம்பம்மெட்டு ஏறிருக்காரா?"ன்னு கேட்டார்.

புரோக்கர் மறுநாள் காலையில போன் பண்ணினார். மாமா எடுக்கல, ஆறு மணி ட்ரிப்புல இருந்தார். இறங்கிப் போன ரெண்டு பேர்ல ஒரு அக்கா அன்னைக்கே வந்துட்டாங்க. இன்னொருத்தர் இன்னும் அந்த ஜீப்புலதான் போறாங்க.