மூச்சே கடிகாரம்

சடுகுடு ஆடக் கடையில் வாங்க வேண்டிய பொருள் எதுவும் இல்லை. குச்சியால் மண்ணில் நடுக்கோடு கிழித்தால் ஆட்டம் தொடங்கிவிடும். பாடிப் போகிறவனின் மூச்சுதான் அங்கே கடிகாரம். எதிரணி மண்ணில் மூச்சு அறுந்தால் அவன் அவுட். அதைச் சொல்ல நடுவர்கூட வேண்டாம். கோட்டோரம் குந்தியிருக்கும் பொடியன்கள் காதாலேயே தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள்.

எங்கள் ஊரில் நன்றாகப் பாடும் அண்ணன் ஒருவர் இருந்தார். குரலை உயர்த்தவே மாட்டார். முணுமுணுப்பாகத் தொடங்கி, காலை நீட்டும்போது மட்டும் பாட்டில் வேகம் கூட்டுவார். கணுக்காலைப் பிடிக்க ஆள் குனிவதற்குள் அவன் முதுகைத் தொட்டுவிட்டுக் கோட்டுக்குத் திரும்பியிருப்பார். மூச்சை அவ்வளவு சிக்கனமாகச் செலவழித்தவரை நான் பிறகு பார்த்ததில்லை.

ஊருக்கு ஊர் மாறிய இந்த ஆட்டத்துக்கு, இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மராட்டியப் பகுதியிலும் பரோடாவிலும் விதிகளை எழுதி வைத்தார்கள். 1936 பெர்லின் ஒலிம்பிக்கின்போது அமராவதியின் ஹனுமான் வியாயாம் பிரசாரக் மண்டல் அமைப்பினர் அங்கே இதை ஆடிக் காட்டினார்கள். 1990இல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டில், கபடி என்ற பெயரில், இதற்குப் பதக்கம் வந்தது. மண் போய் மேட் வந்தது. ஆண்களுக்கு 13க்கு 10 மீட்டர் ஆடுகளம், அணிக்கு 7 பேர், ஒருமுறை பாடிப் போகும் ரெய்டுக்கு 30 விநாடி என்றானது. 2014இல் புரோ கபடி லீக் அதை வீட்டுத் தொலைக்காட்சிக்கே கொண்டுவந்தது.

மூச்சுக்கு மேல் ஒரு கடிகாரத்தை வைத்துவிட்டார்களே என்ற வருத்தம் எனக்கு உண்டு. தம் பிடிப்பவன் மனம்போல நேரத்தை நீட்டிக்கொண்டே போவதில் ஒரு பிரமிப்பு இருந்தது. ஆனால் பாட்டை யாரும் பறித்துவிடவில்லை. அந்த 30 விநாடியும் இன்றும் பாடித்தான் தீர வேண்டும். எழுதி வைத்த விதி இருந்ததால்தான் நம்மோடு பிறக்காதவர்களும் இதைக் கற்க முடிந்தது. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் இந்திய ஆண்கள் அரையிறுதியிலும் பெண்கள் இறுதியிலும் ஈரானிடம் தோற்றார்கள். 1990 முதல் கைநழுவாத ஆண்கள் தங்கம் அன்று போயிற்று. ஈரான் பெண்களுக்குப் பயிற்சி தந்தவர் நாசிக்கைச் சேர்ந்த சைலஜா ஜெயின். அந்தத் தோல்வி வலித்தது; அதே நேரம், நம் ஆட்டம் வளர்ந்துவிட்டது என்ற பெருமிதமும் வந்தது.

ஆசிய விளையாட்டில் பெண்கள் கபடி சேர்ந்தது 2010இல்தான். காசே செலவாகாத ஆட்டத்துக்கு அவர்கள் இருபது ஆண்டு காத்திருக்க நேர்ந்தது. ஒலிம்பிக்கில் கபடி சேர வேண்டும் என்று நாம் எல்லோரும் ஆசைப்படுகிறோம். அதற்கு முன் நம் ஊர்ப் பள்ளி மைதானங்கள் மாலையில் பெண்பிள்ளைகளுக்கும் திறந்திருக்க வேண்டும். அதற்கு எந்த நாட்டின் ஒப்புதலும் தேவையில்லை. ஊர் மனம் வைத்தால் போதும்.